பழைய படத்தில் இல்லாத கைப்பிடி

மரப்படிகளை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. இதை உங்கள் காவலர்களிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. காலையில் ஒருவர் வாளியோடு வந்துவிட்டார்.

பதினோரு வருடமாக அந்த மாளிகைக்குப் பராமரிப்பாளர் நான். நூற்றைம்பது வருட வீடு, சுற்றிலும் ரோஜாத் தோட்டம். மக்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்த பழைய உரிமையாளர், கூடவே ஒரு வரி சேர்த்துவிட்டார்: தன் மகள் உயிரோடு இருக்கும்வரை அங்கேயே குடியிருக்கலாம், அதுவரை பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. மகளுக்கு எண்பத்தாறு வயது ஆகியிருந்தது.

நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். மூன்று மாதம் அலைந்து அசல் நிறத்தைக் கண்டுபிடித்துச் சுவருக்குப் பூசினால், மறுநாளே அந்த அம்மா அதில் ஆணி அடித்து நாள்காட்டி மாட்டுவார். ரோஜாச் செடிகள்மேல் போர்வை காயும். பள்ளிப் பிள்ளைகள் வேலியில் முகத்தைப் பதித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அவரிடம் குறை சொன்னால் சிரிப்பார்.

"நான் பொறந்த வீடு, தம்பி. என்னையும் சேத்துப் பாத்துக்க. நானும் பழைய சாமான்தானே?"

எனக்கு அவர் ஒரு கெடுதலும் செய்ததில்லை.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. பழைய புகைப்படத்தில் இல்லாதது வீட்டில் இருக்கக் கூடாது. எதை அகற்றினாலும் நாள், நேரம், காரணம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். மாடிப்படிச் சுவரில் இருந்த கைப்பிடி படத்தில் இல்லை. அவருக்குக் கண் மங்கிய பிறகு தச்சர் வைத்தது.

செவ்வாய்க்கிழமை, அவர் மதியம் தூங்கும்போது கழற்றினேன். ஓட்டைகளை அடைத்து மெருகேற்றினேன். தினமும் நாலு மணிக்குத் தேநீர் குடிக்க இறங்குவார். நான் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, கைப்பிடி எங்கப்பா?" என்று மேலிருந்து கேட்டார். பதில் சொல்ல நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

அவர் படியில் விழுந்ததை எல்லோரும் விபத்து என்றே நம்பினார்கள். நீங்கள்தான் பதிவேட்டைப் புரட்டினீர்கள். எழுதாமல் விட்டிருந்தால் தப்பியிருப்பேன், தெரியும். ஆனால் எழுதாமல் ஓர் ஆணியைக்கூட நான் பிடுங்கியதில்லை.

கடைசிப் பதிவு இதுதான். செவ்வாய், பிற்பகல் மூன்று மணி. மாடிக் கைப்பிடி அகற்றப்பட்டது. காரணம்: பயன்படுத்தியவர் காலமாகிவிட்டார்.

மூன்று மணிக்கு அவர் உயிரோடு தூங்கிக்கொண்டிருந்தாரே என்கிறீர்கள். வாஸ்தவம்தான். பதிவேட்டில் ஒரு பொய்யை விட்டுவைக்க என்னால் முடியாது, ஐயா. நாலு மணிக்கு அதைச் சரிசெய்துவிட்டேன்.