கைப்பேசியைப் பறித்துப் பார்க்கச் சொன்ன எங்கள் கறாரக்காவுக்கு

அன்பில் ஆழியே, அலுவலில் அனலே, புகார்ப் பிரிவின் தலைவியே, முன்னால் ‘மேடம்’ என்றும் முதுகுக்குப் பின்னால் ‘கறாரக்கா’ என்றும் எங்களால் அழைக்கப்பெற்ற பெருந்தகையே! வணக்கம். அந்த இரண்டாவது பெயர் உங்கள் காதுக்கு எட்டவில்லை என்றே இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தோம். சென்ற வாரம் அதையே உங்கள் தேநீர்க் கோப்பையில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்து எங்கள் மானத்தை வாங்கினீர்கள்!

வீடிழந்து, ஊரிழந்து, நிவாரண முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு உணவளிக்கும் கைகளுள் சில, அதற்கு ஈடாகப் பெண்ணின் உடலையே கேட்கும் என்பதை வாய்விட்டுச் சொல்லவும் பலர் கூசிய காலம் அது. “நம்ம ஆளுங்க போய் அப்படிச் செய்வாங்களா?” என்று கூட்டத்தில் சிலிர்த்துக்கொண்ட பெரிய அதிகாரிகளிடம், “செய்யலைன்னா சந்தோஷம். செஞ்சா அந்தப் பொண்ணு யார்கிட்ட போய்ச் சொல்லுவா? அதைச் சொல்லுங்க முதல்ல” என்றீர்கள். முகாம் வாசலில் தொங்கிய புகார்ப் பெட்டியில் யார் சீட்டுப் போட்டாலும் முகாமே பார்க்கும். ஆகவே, கைப்பேசி வழியே கமுக்கமாகப் புகார் சொல்லும் ஏற்பாட்டை, மேலிடத்தோடு மல்லுக்கட்டியும் மென்பொருள் எழுதுவோரை மன்றாடியும் மிரட்டியும் கொண்டுவந்தீர்கள்.

இனி உங்கள் நற்குணங்களை நாங்கள் நிரல்படப் பாட வேண்டும். பாடித்தான் எழுதியிருந்தோம். இந்தப் பணி ஓய்வு மடலின் வரைவைப் படித்த நீங்களோ, “யாருப்பா இந்தம்மா? எனக்குத் தெரியவே தெரியாதே! நான் பண்ணின தப்பை எழுதுங்க. இல்லைன்னா மேடைக்கே வரமாட்டேன்” என்றீர்கள். சொன்னால் செய்கிற ஆள் ஆயிற்றே! அஞ்சி எழுதுகிறோம், அக்கா.

கைப்பேசி எண் இல்லாமல் எந்தக் குடும்பத்தின் பதிவும் கணினியில் நகரக் கூடாது என்று ஆணையிட்டவர் நீங்கள். எல்லோருக்கும் தகவல் போய்ச் சேர வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பல பெண்களிடம் கைப்பேசியே இல்லை. வரிசையோ நீண்டுகொண்டே போனது. பதிவு எழுத்தர்கள், வேலை நடந்தால் போதும் என்று, எண் கேட்ட இடத்தில் தங்கள் எண்ணையே தட்டிவிட்டார்கள். அது நமக்குத் தெரியாது. ஓர் இளம் தாய், பக்கத்துக் கூடாரத்தில் கைப்பேசியை இரவல் வாங்கி, தன் உணவு அட்டையின் எண்ணைச் சொல்லி, ஒரு பதிவு எழுத்தர்மீது புகார் கொடுத்தார். ‘உணவு அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமானால் தனியாக வா’ என்றவர் அந்த எழுத்தர். நம் கணினி கடமை தவறாமல், ‘உங்கள் புகார் கிடைத்தது, நன்றி’ என்று அந்த அட்டைக்கு உரிய எண்ணுக்குச் செய்தி அனுப்பியது. அது அந்த எழுத்தரின் சட்டைப்பையில் ஒலித்தது.

அன்றே அந்தத் தாயின் உணவு அட்டை முடக்கப்பட்டது. ‘வெளியே சொன்னால் பிள்ளை முழுசாக இருக்காது’ என்ற மிரட்டலும் வந்தது. சிறு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்து அவர் நின்ற கோலம் எங்கள் கண்ணைவிட்டு இன்னும் அகலவில்லை. தாயையும் மகளையும் உங்கள் வண்டியிலேயே ஏற்றிப் பாதுகாப்பான வேறு முகாமில் சேர்த்தீர்கள். அட்டையை மீட்டீர்கள். எழுத்தரைக் காவல் துறையிடம் ஒப்படைத்தீர்கள். பிறகு அந்தத் தாயின் எதிரே கைகூப்பி, “இது என் தப்பு. என்னை மன்னிச்சிடும்மா” என்றீர்கள்.

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்: “புகார் குடுத்த நிமிஷமே என் கையிலேருந்து ஒருத்தன் போனைப் பிடுங்கினாலும் ஒண்ணும் தெரியக் கூடாது. அப்படி ஒண்ணு பண்ண முடியுமா உங்களால?”

“முடியுதான்னு நீங்களே வந்து பாருங்க” என்றீர்கள். கோபம் குறையாமலே வந்தார். அன்று தொடங்கியது நம் பிரிவின் ‘பறிப்புச் சோதனை’. பதிலனுப்பும் முறையை அடியோடு மாற்றினீர்கள். எந்தப் புதிய கருவியும் முதலில் அந்தப் பெண்மணியின் கைக்குப் போகும். அவர் புகார் கொடுத்ததும் ஒருவர் கைப்பேசியைப் பறித்துத் துழாவ வேண்டும். தடயம் ஒன்று சிக்கினாலும் கருவி தோற்றது. வில்லன் வேடம் நம் ஓட்டுநரண்ணனுக்கு. எறும்பை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்கிற மனிதர், “ஏய், போனைக் குடு!” என்று உறுமிவிட்டு, “...கொஞ்சம் குடுங்கம்மா” என்று முடிப்பார்! ஆயினும் அவர்தான், அழைப்புக்குப் பின் மீதித் தொகை குறைந்ததாக வந்த குறுஞ்செய்தியைக் கண்டுபிடித்தார். கட்டணமில்லா எண் பிறந்தது அப்படித்தான். உங்கள் வீட்டில் அத்தானின் கைப்பேசியும் தப்பவில்லை. “எனக்கும் ஒரு புகார் இருக்கு, எந்த நம்பருக்கு அடிக்கணும்?” என்று அவர் எங்களிடமே கேட்டார்.

கடுஞ்சொல்லால் எங்களைக் காய்ச்சிய கண்டிப்பே! காய்ச்சல் என்று நாங்கள் படுத்தால் கஞ்சியோடு வந்து கதவைத் தட்டிய கனிவே! நீங்கள் திட்டாத நாளில் எங்களுக்கு வேலை ஓடாது. நாளை முதல் யாரிடம் திட்டு வாங்குவோம்? உங்களை நாங்கள் மிகவும் நேசிக்கிறோம், அக்கா. நோயின்றி, நொடியின்றி, விரும்பிய மட்டும் உறங்கி, அத்தானோடு சண்டையிட்டுச் சமாதானமாகி, நூறாண்டு நிறைவாக வாழுங்கள்!

இதுவரை இம்மடலை உங்கள்முன் வாசித்தவர் அந்தப் பெண்மணியேதான். வேறொருவர் வாசிக்கட்டுமே என்று நாங்கள் தயங்கியபோது, “வெக்கப்பட வேண்டியது நானா?” என்று கேட்டு மடலைக் கையில் வாங்கிக்கொண்டார். இனி வருபவை அவருடைய சொற்கள். ஓரெழுத்தும் திருத்தக் கூடாதென்பது அவர் கட்டளை:

“மேடம், அன்னிக்கு நீங்க மன்னிப்புக் கேட்டப்ப நான் பதில் சொல்லலை. இன்னிக்கும் என்ன சொல்றதுன்னு தெரியலை. என் பொண்ணு போன மாசம் வெளியூர் முகாம்ல நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கா. கிளம்புறப்ப அவளை உட்கார வச்சு ஒரு நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வச்சேன். போன்ல பதியாதடி, யாராவது பார்ப்பாங்கன்னு சொன்னேன். நம்ம புகார் நம்பர் மேடம்.”

இப்படிக்கு,
உங்கள் அதட்டலுக்கு இனி ஏங்கப்போகும்
புகார்ப் பிரிவுப் பணியாளர்கள்