மூணாவது மேசை

— நான் லீவு போட்டு வீட்ல இருக்கிற அன்னைக்குப் பார்த்தா இது நடக்கணும்! ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டியா?

— என்னத்தக் கேக்க? நாளையிலேருந்து வராதேன்னுட்டாங்க. பதினோரு வருஷம் சால்டர் வெச்ச கை... கை சரியில்லையாம். அறிக்கைல எழுதியிருக்காம்.

— அறிக்கைலயா... முதல்ல அந்தக் கதவைச் சாத்து.

— திறந்தே இருக்கட்டும், புழுங்குது. இந்தாங்க, இதைப் பாருங்க.

— ஐயோ, கம்பெனி சர்க்யூட் போர்டை வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டியா? பிடிச்சா வேலை...

— போன வேலை இன்னொரு தடவையா போகும்? திரும்பி வந்த சார்ஜர்ல ஒண்ணு இது. யார் வீட்லயோ திரைச்சீலை பத்திக்கிச்சே, அதே ரகம். டிசைன் பண்ண மகராசன் நீங்கதானே... சொல்லுங்க.

— கிண்டல் வேண்டாம்.

— சால்டர் எங்கயாவது விட்டிருக்கா?

— ...இல்ல. பளபளன்னுதான் இருக்கு.

— இந்த கெப்பாசிட்டர் தலை ஏன் இப்படி உப்பிக் கிடக்கு?

— சூடு... பக்கத்துல சூட்டை வாங்கி வெளிய விடுற ஹீட் சிங்க் இருக்குல்ல.

— பக்கத்துலயா? மடியிலேயே உக்காத்தி வெச்சிருக்கீங்க. அடுப்பு மேல வெண்ணெயை வெச்சவரு, உருகிடுச்சேன்னு அழலாமா?

— முதல்ல தள்ளித்தான்டி வெச்சிருந்தேன்! பெட்டியை ரெண்டு விரல் குறைன்னாங்க. எங்க தள்ளுறது?

— சரி... எப்பவும் நூத்தியஞ்சு டிகிரி தாங்குறதுதானே வரும்? இதுல எண்பத்தஞ்சுன்னு இருக்கே.

— அது ஸ்டாக் இல்லேன்னாங்க...

— நீங்களும் தலையாட்டிட்டீங்க.

— டெஸ்ட்ல பாஸ் ஆச்சு!

— மூடியைக் கழட்டி வெச்சு, மேல ஃபேனைச் சுத்த விட்டா ஏன் பாஸ் ஆகாது? கண்ணாடி வழியா எங்க லைனே பார்த்துச்சு.

— அதை ஏன் இப்ப கிளறுற?

— அந்த அறிக்கையை எழுதினது யாருங்க?

— மேல இருக்கிறவங்க எழுதச் சொன்னாங்க...

— சொன்னது யாருன்னு நான் கேக்கல.

— நான்தான்! போதுமா? ஆனா உன்னை எழுதல. மூணாவது மேசைன்னுதான் எழுதினேன். நீ ஜன்னலோரம், ஆறாவது மேசை!

— மூணாவது மேசைல வெளிச்சம் பத்தலன்னு அங்க இருந்தவ சொன்னா. போன மாசம் இடம் மாத்திக்கிட்டோம்.

— அடிப்பாவி... என்கிட்ட ஏன் சொல்லல?

— சொல்லியிருந்தா?

— சத்தியமா எழுதியிருக்க மாட்டேன். வேற மேசையைப் போட்டிருப்பேன்.

— வேற மேசை... பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

— டிசைன் தப்புன்னு எழுதினா என்னைத் தூக்கிடுவாங்க. நம்ம வீட்டு உலை கொதிக்க வேண்டாமா? உன்கிட்ட இடம் மாத்தினவ நாலு நாள் அழுவா, அப்புறம் வேற இடம் பார்த்துப்பா.

— அவ புருஷன் படுத்த படுக்கையா கிடக்காருன்னு தெரியுமா?

— தெரியும்... அதுக்கு நான் என்ன பண்ண? நாளைக்கே போய் மேசை நம்பர் தப்பாயிடுச்சுன்னு மாத்தி எழுதறேன். உன் வேலை உனக்கு வந்துடும். நீ அழாதே.

— நான் எங்கங்க அழறேன்?

— பின்ன... வாசல்ல அழறது யாரு?

— நாங்க இடம் மாத்திக்கவே இல்ல. வேலை போனது மூணாவது மேசைக்காரிக்குத்தான், எனக்கில்ல. எங்க வீட்டுக்காரர் அப்படி எழுதுற ஆளில்லன்னு அவகிட்ட மல்லுக்கு நின்னேன். 'உனக்குப் போச்சுன்னு சொல்லிப் பாரு, தெரியும்'னா... வாசப்படியிலதான் உக்காந்திருக்கா.