மாப்பிள்ளை பார்க்கக் கோர்ட்டுக்குப் போனவர்

தோர்ண்டன் ஹீத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் அமர்ந்தார்கள். ஒருவர் பச்சைக் கோட் போட்டிருந்தார். மற்றவர் மடியில் மரக்கறிப் பை.

"சாதகம் பொருந்தினாப் போதுமே? மோளுக்குப் பாத்த பொடியனைப் பொலிஸ் எப்பவாவது பிடிச்சதோ எண்டும் பாக்க வேணுமெல்லோ," என்றார் பச்சைக் கோட்.

"பொலிஸிட்டைக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். வெளியாக்களுக்குச் சொல்ல மாட்டினமாம். அவரவர் தன்ரை விபரத்தைத்தான் கேட்டு எடுக்கலாமாம்."

"அப்ப பொடியனையே எடுத்துத் தரச் சொல்லியிருக்கலாமே."

"சம்பந்தம் பேசேக்கை அப்பிடிக் கேக்க ஏலுமோ? மரியாதை இல்லை. அதுதான் கோர்ட்டுக்குப் போனனான். அங்கை ஆரும் போய்ப் பின்னாலை இருந்து வழக்குக் கேக்கலாம்."

"ஒருநாள் போனா அண்டைய வழக்குத்தானே தெரியும், அக்கா?"

"ஓம். அதுதான் ஒவ்வொரு நாளும் போனனான்."

மரக்கறிப் பை வைத்திருந்தவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "பொடியன் வந்தவனோ?"

"இல்லை. தாய் வந்தவ."

"ஐயோ! அவவுக்கு என்ன வழக்கு?"

"வழக்கொண்டும் இல்லை. எனக்கு முதலே வந்து பின்வரிசை வாங்கிலை இருந்தவ. என்ரை மோளின்ரை பேரைக் கூப்பிடுகினமோ எண்டு பாக்க."

பஸ் சிக்னலில் நின்றது. பக்கத்து சீட்டுக்காரரும் காதைத் தீட்டிக்கொண்டார்.

"பிறகு?"

"பிறகென்ன? நான் கொண்டுபோன றோல்ஸை ரெண்டு பேரும் வாசலிலை நிண்டு சாப்பிட்டனாங்கள். தையிலை கலியாணம். இதுக்கு மேலை என்ன பொருத்தம் பாக்கிறது?"