சக்கரத்துக்கடியில் ஒரு கட்டை

தீக்குச்சியை நீளவாக்கில் பிளந்து உருட்டித் தேய்த்தால், உள்ளங்கை அளவு ஜீப்பில் மாட்டும் மண்வெட்டிக்கு நல்ல பிடி கிடைக்கும். பல்குச்சி வேண்டாம். தடிமன்.

எஸ்டேட் ரைட்டர் ஐயா, நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது அந்தத் தீக்குச்சிதான்.

நான் ஆண்டனி ராஜ். ஏற்காடு பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஓய்வு நேரத்தில் குட்டி ராணுவ வண்டிகள் செய்கிறேன். ஓய்வு நேரம் என்றால் கடை திறந்திருக்கும் நேரம்.

இந்த வேலையில் வண்டி பெரிய விஷயமில்லை. அதில் தொங்குவதுதான் விஷயம். பெட்ரோல் கேன், வாளி, கோடாரி, சுருட்டிக் கட்டிய கித்தான் எல்லாம் அந்தந்த வருடத்தவையாக இருக்க வேண்டும். போன வருடம் எங்கள் வாட்ஸ்அப் குழுவின் போட்டிக்கு 1944-ஆம் வருடத்து ஜீப் ஒன்றை அனுப்பினேன். கோயம்புத்தூர் ஜெயபிரகாஷ் பதில் போட்டார்: "நொம்ப நல்லாருக்குதுங்ணா. ஆனா அந்த வாளி 1952ங்களே." அதற்குக் கீழே முப்பத்தேழு பேர் சிரித்து வைத்தார்கள்.

என் மனைவி அமலி பூதக்கண்ணாடி வைத்து வாளியைப் பார்த்தாள். "இதுல எட்டு வருசம் எங்கீங்க தெரியுது?" என்றாள்.

எனக்குத் தெரிந்தது. அதுதான் என் வியாதி.

இந்த வருடம் புது நிபந்தனை. நாம் செய்த வண்டியை அதே காலத்து நிஜ வண்டியோடு நிறுத்திப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நாகலூரிலிருந்து உங்கள் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றி வரும் மாதப்பனின் ஜீப் போர்க்காலத்து வண்டி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். என்னுடையது சரியாக இருந்தது. அவனுடையதில்தான் தப்பு.

ஆகவே அவனுடையதைத் திருத்தினேன். திங்களன்று நீல பிளாஸ்டிக் கேனைக் கழற்றினேன். செவ்வாயன்று எலுமிச்சை, மிளகாய்ச் சரம். புதனன்று இரண்டாவது பக்கக் கண்ணாடி. அதைக் கழற்றும்போது மட்டும் கொஞ்சம் யோசித்தேன். சேலம் ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அவன் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாதப்பன் கடைக்கு வந்தான். "ஏனுங்ணா, என்ற வண்டி தெனமும் எளைச்சுட்டே போவுதுங்க."

"வயசாகுதில்ல மாதப்பா" என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். நான் கெட்டவன் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் நாகலூர் போனேன். ஜீப் மேடு பார்த்து நின்றது. மாதப்பன் பக்கத்து டீக்கடைக்குள் இருந்தான். அவன் மனைவி கலாவதி வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். என் குட்டி ஜீப்பை முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்துக் குனிந்து பார்த்தேன். கலாவதி கட்டியிருந்தது பச்சை பாலிஸ்டர் சேலை.

"கொஞ்சம் எறங்கு கண்ணு."

"காலு வலிக்குதுங்ணா. நா குனிஞ்சுக்கறனுங்க."

"போர்க்களத்துல பாலிஸ்டர் இருக்கப்படாது சாமி."

"அப்ப பருத்திச் சீல கட்டீருந்தா உட்டுருப்பீங்களா?" சிரித்துக்கொண்டே இறங்கி டீக்கடைப் பக்கம் போனாள்.

கைத்தறியாக இருந்திருந்தால் விட்டிருப்பேன்.

இப்போது ஒன்றுதான் மிச்சம். பின்சக்கரத்துக்கடியில் முட்டுக்கொடுத்திருந்த சில்வர் ஓக் கட்டை. அந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் வெறும் அலங்காரம், கியரும் நழுவும், கட்டைதான் பிரேக். இது எனக்குத் தெரியும். மாதப்பனே இரண்டு முறை சொல்லியிருக்கிறான்.

கட்டையை உருவினேன். வண்டி நின்றது. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நான் முன்னால் வந்து ஒரு படம் எடுக்கும்வரை நின்றது. பிறகு மரியாதையாகப் பின்வாங்கி, காப்பிச் செடிகளுக்குள் இறங்கி, ஒரு பலா மரத்தில் மோதி நின்றது. பின்சீட் இருந்த இடத்தில் மரம் இருந்தது.

அடுத்த அரை மணியில் நான் பெரிய மனிதனாகிவிட்டேன். ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து கலாவதியை இறக்கிய ஆண்டனி அண்ணன். பொன்னாடை போர்த்தினார்கள். நீங்களும் கை கொடுத்தீர்கள். மாதப்பன் மட்டும், "கட்ட போட்டனுங்க, சத்தியமா போட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கட்டை அங்கே இல்லை. என் பையில் இருந்தது. கவனக்குறைவான டிரைவர் வேண்டாம், இனி வேறு வண்டி பார்க்கிறோம் என்று நீங்கள் சொன்னபோதும் பையில்தான் இருந்தது. ஒன்பது நாள் வாய் திறக்கவில்லை.

நேற்று கலாவதி ஒரு பை பேரிக்காயோடு வீட்டுக்கு வந்தாள். "நீங்க இல்லீனா நா இல்லீங்ணா. அவரு மறந்ததையும் மறந்துட்டு, போட்டேன் போட்டேன்னு சாதிக்கறாருங்க. நா அவருகூடப் பேச்சே உட்டுட்டனுங்க."

இரண்டு பேரிக்காய் தின்றேன். மூன்றாவது இறங்கவில்லை.

ஆகவே எழுதித் தருகிறேன். மாதப்பன் கட்டை போட்டான். எடுத்தவன் நான். அவனை மறுபடி வேலைக்குக் கூப்பிடுங்கள். வண்டியை நான் சரிசெய்து தருகிறேன், அவன் பிரியப்பட்டால் நீலக் கேனோடு.

ஆதாரத்துக்கு அன்று எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். முன்னால் சின்ன ஜீப், பின்னால் பெரிய ஜீப், இடது ஓரத்தில் என் கை, கையில் கட்டை. இதைக் கலாவதியிடமும் காட்டுங்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

நேற்று சாயங்காலம் போட்டிக்கு அனுப்பிய பிரதியில் அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டேன். 1944-இல் அப்படியொரு கட்டை கிடையாது.