டீ கொண்டு வந்தவர்

"கல்யாணம் வேணாம்மா. சும்மா மூணு மாச விசாவுல போறேன்" என்றாள் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண். லிந்துலையிலிருந்து நுவரெலியா போகிற பஸ். பக்கத்தில் அவளுடைய தாய், தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரல்களை மடியில் கோத்து வைத்திருந்தாள்.

"அந்த வெள்ளக்காரரு கட்டிக்கிறேன்னுதானே சொல்றாரு? கட்டிக்கிட்டுப் போனா அவருகூட அங்கயே இருக்கலாம்னு நீதானே சொன்ன?"

"அந்த விசாவுக்கு ரெண்டு பேரையும் தனித்தனியா விசாரிப்பாங்க. குடும்பத்தப் பத்தியெல்லாம் கேப்பாங்க."

"கேட்டா சொல்லேன். அதுக்கென்னா?"

பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தோட்டத்துக் கிளாக்கரய்யா குவாட்டர்ஸத்தான் நம்ம வீடுன்னு அவரு நெனச்சிக்கிட்டு இருக்காரு. கிளாக்கரம்மாவத்தான் எங்க அம்மான்னு சொல்லியிருக்கேன். நம்ம லயத்து ஒத்த ரூமுக்கு அவர எப்படிம்மா கூட்டியாறது?"

தாய் மகள் பக்கம் திரும்பினாள்.

"லயத்துல உக்கார வைக்க எடமில்லன்னுதான் நீ அவர அங்க கூட்டிட்டுப் போனன்னு நெனச்சேன். நீங்க இங்கிலீசுல பேசிக்கிட்டது எனக்கு என்னா வெளங்குச்சு? அன்னிக்கு டீ கொண்டாந்து வச்சது நான்தானே புள்ள? என்னையப் பாத்து கும்புடக்கூடச் செஞ்சாரே."

பெண் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னைய யாருன்னு சொன்ன?"

"வீட்டு வேலைக்கு வர்றவங்கன்னு."

நானும் வெளியே பார்த்தேன்.

தாய் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

"சரி, நீ கல்யாண விசாவுக்கே போடு. யாராச்சும் வந்து கேட்டா நானும் அப்படியே சொல்லிடுறேன்."