அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை

தலைவர் சிறீஸ்கந்தராசா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி அருட்செல்வம் அவர்களே, இந்தப் பனியிலும் மோர்டென்ஸ்ருட் வரை வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மாரே, தந்தையரே, பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் என் துயர வணக்கம்.

கல்வித் தொண்டர் யோசெப்பின் போய்விட்டார். ஒஸ்லோவில் பல்கலைக்கழகம் போன நம் பிள்ளைகளுக்கு ஓர் அநியாயம் நடந்தால், முதலில் அழைப்பது அவரைத்தான். அந்தத் தொலைபேசி இப்போது அருட்செல்வத்தின் சட்டைப் பையில் கிடந்து அடிக்கிறது. அவர் என்ன பதில் சொல்வார்? மாணவர் உதவி வட்டத்தில் யோசெப்பினுடன் உழைத்த குணசிங்கம் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். மண்டபக் கதவைத் திறந்தவன், தேநீர் ஊற்றியவன் நான். பேசியவர் அவர்!

பொறியியல் படித்த ரதீஸை நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தையாக இந்த நாட்டுக்கு வந்தவன். அவனுடைய கட்டுரையில் நோர்வேஜிய மொழி மிக நன்றாக இருக்கிறதாம்! அதனால் அதை வேறு யாரோ எழுதினார்களாம்! இது என்ன நியாயம்? பல்கலைக்கழக விசாரணையில் அவர்கள் குற்றச்சாட்டுகளை அடுக்கிக்கொண்டே போக, இவன் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டியபடி கேட்டிருக்கிறான். இங்கே வளர்ந்தாலும் தலை மட்டும் யாழ்ப்பாணத்துத் தலை! அதை 'ஆம்' என்று எடுத்துக்கொண்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று எழுதப் போனார்கள். பக்கத்துக் கதிரையில் துணைக்கு இருந்த யோசெப்பின் எழுந்தார். "அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதற்குத்தான் அந்தத் தலையாட்டல். அவன் இன்னும் சொல்லி முடிக்கவில்லை" என்று அவர்கள் மொழியிலேயே சொன்னார்.

பிள்ளையை யார் இடைமறித்தாலும் அந்த ஒரு வசனத்தைத்தான் சொல்வார். ரதீஸ் இன்று ஸ்தவாங்கரில் பொறியியலாளர். விமானம் பிடித்து வந்து, அதோ, கடைசி வரிசையில் நிற்கிறான்.

ஆனால் அவர் பல்கலைக்கழகத்துடன் மட்டுமா போராடினார்? எங்களுடனும் போராடினார்! நாங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொன்னோம்? "அகதியா வந்தனாங்கள். வாயைத் திறக்காமல் படிச்சு முடி." இதே மண்டபத்தில் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்தினார்: "அங்கை அவங்கள் வாயைப் பொத்துறாங்கள். வீட்டை வந்தால் நீங்கள் பொத்துறியள். பிள்ளை எங்கை போய்க் கதைக்கிறது?"

இப்போது யதுர்ஷாவின் நிலையைக் கேளுங்கள். தாதியியல் படிக்கும் பிள்ளை. வைத்தியசாலைப் பயிற்சியில் ஒரு நோயாளி, "இந்தக் கறுத்தக் கை என்னைத் தொடக்கூடாது" என்றார். பயிற்சிப் பொறுப்பாளர் நோயாளியைக் கண்டித்தாரா? இல்லை, யதுர்ஷாவை வெளியே நிற்கச் சொன்னார். பிறகு அதே பொறுப்பாளர் அறிக்கை எழுதினார்: நோயாளிகளை நெருங்கத் தயங்குகிறாள், பயிற்சியில் சித்தியில்லை, தேறவில்லை! வெளியே நிற்பாட்டிவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கிறார்கள்! வரும் செவ்வாய்க்கிழமை மேல்முறையீட்டு விசாரணை. அதில் தோற்றால் அந்தப் பிள்ளையின் படிப்பு அத்துடன் சரி.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது, யோசெப்பினுக்கு மூச்சே விட்டு விட்டுத்தான் வந்தது. தன் நோயைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. "குணசிங்கமண்ணை, யதுர்ஷாவோடை ஆர் போறது?" என்றார். "முதல்லை நீங்கள் சுகமாகுங்கோ" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஐயோ, அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லையே!

ஆர் போறது? சொல்லுங்கள்! இத்தனை பேர் இருக்கிறோம், அந்த ஒரு கதிரையில் போய் இருக்க ஆள் இல்லையா? எனக்குப் பயமாக இருக்கிறது. நான் யோசெப்பின் இல்லை. அவருடைய படிப்பும் இல்லை, துணிவும் இல்லை. நாம் தோற்றுவிடுவோம் என்றே தோன்றுகிறது.

என்றாலும் நான் போகிறேன். யதுர்ஷாவின் தந்தை தம்பி இரவீந்திரன் அவர்களே, தலையைக் குனியாதீர்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு நீங்களும் வாருங்கள். வாசலிலாவது நில்லுங்கள். மகள் திரும்பிப் பார்த்தால் அப்பா தெரியவேண்டும்.

சற்று நேரத்தில் எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்கப்போகிறோம். யோசெப்பினுக்காக நிற்போம். அந்த மௌனத்தை இந்த மண்டபத்திலேயே விட்டுவிட்டுப் போவோம். என் நோர்வேஜிய மொழி தடுமாறும். ஆனால் ஒரே ஒரு வசனத்தை இரவு பகலாகப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளையை அவர்கள் இடைமறித்தால், எழுந்து அதைச் சொல்வேன்.

"அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை!"