அறுபத்து மூன்று குப்பிகள்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் திருமதி நோலா பர்கிஸ் அவர்களே! தந்தையை இழந்து முன் வரிசையில் அமர்ந்திருக்கும் மெரிடித்தே! நியூசிலாந்தின் தென்கோடியில் ப்ளஃப் துறைமுகத்திலிருந்து இதற்காகவே கடல் தாண்டி நம் நாட்டுக்கு வந்திருக்கும் ஹினெமோவா டைருவா அவர்களே! சுரங்கத்தில் எங்களோடு இறங்கி ஏறிய தோழர்களே! ஈரக் கோட்டோடு வந்து இன்னும் உலராமல் உட்கார்ந்திருக்கும் குவீன்ஸ்டவுன் மக்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கிளாரி நான்கிவெல்லின் வணக்கம்.

இந்த உரையை நானே எழுதினேன். ஐந்து நாள் ஆயிற்று. நடுவில் ஏதாவது ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது தாளை விட்டு ஓடிவிடாது, நான் பிடித்துவிடுவேன்.

நண்பர்களே, யாரை இழந்து நிற்கிறோம்? முப்பத்தொரு ஆண்டு பாறைக்குத் துளை போட்ட லிண்ட்சே ட்ரெம்பாத்தையா? அவரை இந்த ஊர் அறியும். போலந்திலும் பிரேசிலிலும் முகம் தெரியாத மனிதர்கள் 'கடினப் பட்டியல் லிண்ட்சே' என்று மரியாதையோடு அழைத்த இன்னொரு லிண்ட்சே இருந்தார். அவரை இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கணினியில் ஒரு பழைய விளையாட்டு உண்டு. வாளும் மந்திரமும் பூதங்களும் நிறைந்தது. அதைச் செய்தவர்கள் என்றோ கடையைக் கட்டிவிட்டார்கள். ஆனால் அதன் ரசிகர்கள் விடவில்லை. வேலை முடிந்து வந்து, சம்பளம் இல்லாமல், தாங்களே புதுப்புது சாகசங்களை அதற்காகக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கில் கட்டினார்கள்! அவற்றில் உண்மையிலேயே கடினமானவை எவை என்று தேடிக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர் நம் லிண்ட்சே. பத்தொன்பது ஆண்டுகளில் அறுநூற்றுக்கு மேல் ஆடிப் பார்த்தார். பட்டியலில் ஏறியவை நாற்பத்தொன்று. வெறும் நாற்பத்தொன்று!

அவருடைய விதி எளிது. ஒரே உயிர். வீரன் செத்தால் செத்ததுதான். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி தொடங்குவது கிடையாது. அப்படி ஒருமுறையாவது கடைசி வரை ஆடி முடித்தால்தான் அந்தச் சாகசம் பட்டியலில் ஏறும். யாராவது ஐம்பது ஓநாய்களை ஓர் அறையில் அடைத்து அனுப்பினால் அவருக்குக் கோபம் வரும்.

"இது கஷ்டமாடா கிளாரி? இது கூலி வேலை! நாம பார்க்காத கூலி வேலையா?" என்பார்.

எச்சரிக்காமல் கொல்லும் பொறியைக் கண்டால் அதைவிடக் கோபம். "கொல்லட்டும். கொல்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லணும்ல? சுரங்கத்துல கூட வெடி வைக்கறதுக்கு முன்னாடி ஊதுவான்."

செவ்வாயும் வெள்ளியும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போவேன். சுட்டி என் கையில். திரையில் வரும் எழுத்தையெல்லாம் அவர் வாய்விட்டுப் படிப்பார். அந்த விளையாட்டில் பாதி எழுத்துதான். கதவும் பேசும், கல்லறையும் பேசும். எனக்குப் படிக்கத் தெரியாது. பதினான்கு வயதில் சுரங்கத்துக்குள் போனவன் நான். பதினேழு ஆண்டு, ஒருமுறைகூட முகம் சுளிக்காமல் எனக்காகப் படித்தார். அப்படி ஒரு நண்பன் உங்களில் யாருக்காவது வாய்த்ததுண்டா?

பிறகு நுரையீரலில் தூசி கெட்டிப்பட்டது. மூச்சு குறைந்தது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் நிறுத்தினார். பிறகு நான்கு இடத்தில். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு கல்வெட்டைப் பாதி படித்துவிட்டு நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"மீதிய நீ படிடா."

"எனக்கெங்க தெரியும்?"

"கத்துக்கோ, கழுதை. நான் எத்தனை நாளைக்கு?"

மறுவாரமே நோலா அம்மையாரின் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அவர் மூச்சு ஒவ்வொரு படியாக இறங்க, நான் ஒவ்வொரு எழுத்தாக ஏறினேன். எழுத்து பிடிபட்டபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! கடைப் பலகை எல்லாம் என்னிடம் பேசத் தொடங்கியது. அந்த மகிழ்ச்சிக்கு அவர் கொடுத்த விலை எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மகிழ்ந்தேன்.

இனி, சொல்லக் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

இங்கே அமர்ந்திருக்கும் ஹினெமோவா, சிப்பி உரிக்கும் கொட்டகையில் வேலை பார்ப்பவர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் 'ஏழு பூட்டுக் கிணறு' என்ற சாகசத்தைக் கட்டி லிண்ட்சேக்கு அனுப்பினார். லிண்ட்சே திருப்பி அனுப்பினார், எந்தெந்த இடத்தில் எப்படிச் செத்தேன் என்று ஏழு பக்கக் கடிதத்தோடு. இவர் திருத்தினார். மறுபடி திரும்பியது. மூன்று முறை! நான்காவது கிணறு போன குளிர்காலத்தில் வந்தது. லிண்ட்சே இரண்டு அறை ஆடிவிட்டு இவருக்கு எழுதினார்: "இதுதான். இதை முடித்து, பட்டியலில் ஏற்றிவிட்டுத்தான் சாவேன்." நான்தான் அந்தக் கடிதத்தைத் தட்டெழுதினேன். ஒரு விரலால்.

பார்னபி என்ற குள்ள வீரனோடு கிணற்றில் இறங்கினோம். ஒவ்வொரு பூட்டுக்கு முன்னும் ஒரு மாடம். மாடத்தில் காயம் ஆற்றும் மருந்துக் குப்பிகள் ஒன்பது. மேலே கல்லில் ஒரு வரி. அதை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். திரையில் அவர் உதவியின்றி நான் படித்த முதல் வரி அது.

"குடித்துவிட்டு இறங்கு."

லிண்ட்சே இருமலுக்கு நடுவே சிரித்தார். "பொறிடா! கிணத்துக்காரி நம்மள எடை போடறா. குப்பிய எடு, குடிக்காதே. கடைசியில பெரிசு ஒண்ணு இருக்கும். அதுக்கு வெச்சுக்குவோம்."

நானும் சிரித்தேன். கடினமான சாகசங்களையே தேடிப் பிடித்து ஆடுகிறவர்களுக்கு இது ஒரு நோய். யாராவது நல்லது சொன்னால் நம்ப மாட்டோம். மருந்து கையில் இருந்தால் குடிக்க மாட்டோம். பார்னபி ரத்தம் சொட்டச் சொட்ட நடந்தான். பை நிரம்பிக்கொண்டே போனது.

அதே மாதங்களில் டாக்டர் லிண்ட்சேக்கு வலிக்கு மருந்து கொடுத்தார், சின்னச் சின்னப் புட்டிகளில். வலி வரும்போது அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடிப்பதை நான் பார்த்தேன்.

"குடியேன்யா," என்றேன்.

"இப்பவே குடிச்சா கடைசியில கேக்காது. பெரிசு இனிமேதான் வரும்."

தோழர்களே, அப்போது நான் என்ன சொன்னேன்? "அதான் சரி, கிழவா. நல்ல ஆட்டக்காரன்" என்றேன்! முதுகில் தட்டிக் கொடுத்தேன்! அந்த மருந்து தீராது, கேட்டால் இன்னும் தருவோம் என்று டாக்டர் எத்தனையோ முறை சொல்லியிருந்தார். குடித்தீர்களா என்று நர்ஸ் வாராவாரம் கேட்டார். "குடிச்சேன்" என்று லிண்ட்சே பொய் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பெரிசு வந்தது. ஆம்புலன்ஸ் மலைச்சாலையில் வந்து சேர இரண்டு மணி நேரம். "மருந்து எங்கய்யா? எங்க வெச்சே?" என்று கத்தினேன். அவருக்குப் பேச மூச்சு இல்லை. கை தூக்கிக் காட்டவும் வலு இல்லை. எல்லா இழுப்பறையையும் கவிழ்த்தேன். கிடைக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தை உங்களுக்கு நான் விவரிக்கப் போவதில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் இல்லை.

நான்கு நாள் கழித்து மெரிடித் என்னைக் கூப்பிட்டாள். அலமாரிக்கு மேல் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் பதினொரு புட்டிகள். ஒன்றின் முத்திரைகூட உடையவில்லை.

"கிளாரி, உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா" என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நேற்று ஹினெமோவா வந்து இறங்கினார். மெரிடித்தின் சமையலறையில் கணினியைத் திறந்து காட்டினேன். பார்னபி ஏழாவது பூட்டின் முன் நின்றான். நூற்று நாற்பதில் பதினோரு உயிர்ப்புள்ளி மிச்சம். பையைத் திறந்தேன். அறுபத்து மூன்று குப்பி.

அவர் குனிந்து திரையில் விரல் வைத்துக் குப்பிகளை எண்ணினார். "ஒண்ணுகூடக் குடிக்கலியா?"

"பொறின்னு நெனச்சோம்."

"என்னங்க நீங்க! எச்சரிக்காமக் கொல்லாதேன்னு அவர்தானே மூணு தடவை திருப்பி அனுப்பினாரு? அதான் எழுதி வெச்சேன். ஒரு பூட்டுக்கு ஒன்பதுன்னு எண்ணி வெச்சேன். குடிச்சா தாண்டலாம், குடிக்காட்டி முடியாது. இவரு குடிக்காமயே ஏழாவது வரைக்கும் வந்திருக்காரே..."

எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் எங்கள் லிண்ட்சே! எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம் எங்கள் இருவருடையதும்! இரண்டையும் இந்த மேடையிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஐந்து நாள் எழுதினேன்.

பெரியோர்களே, உங்கள் முன் உறுதி சொல்கிறேன். கடினப் பட்டியல் நிற்காது. வந்து கிடக்கும் சாகசங்கள் இருபத்தாறு. அவற்றை நான் ஆடுவேன், நானே படிப்பேன், மெதுவாகப் படிப்பேன். கட்டியவர்களுக்குக் கடிதம் நானே எழுதுவேன்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. அதோ, ஜன்னல் ஓர மேசையில் லிண்ட்சேயின் கணினி இருக்கிறது. தேநீரும் சிற்றுண்டியும் முடிந்ததும் அதன் முன் உட்காரப் போகிறேன். விருப்பமுள்ளவர்கள் சுற்றி நில்லுங்கள். இன்னொருவருடைய வீரனை ஆடலாமா என்று பட்டியலைப் பின்பற்றும் ஆட்டக்காரர்கள் கேட்கலாம். பார்னபியை முதல் நாளிலிருந்து நடத்தியது இந்தக் கைதான். குடிக்கவிடாமல் வைத்திருந்ததும் இந்தக் கைதான்.

ஏழாவது பூட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஹினெமோவா சொல்ல மாட்டேன் என்கிறார். அதுதான் நியாயம். வென்றால் பதினோரு ஆண்டு காத்திருந்த கிணறு பட்டியலில் நாற்பத்திரண்டாவதாக ஏறும். பார்னபி செத்தால், விதிப்படி, செத்ததுதான்.

ஆனால் நிரம்பிய பையோடு சாக மாட்டான். பூட்டைத் தொடுவதற்கு முன் அந்தக் கல்வரியை உங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படிப்பேன். இந்த முறை அது சொல்கிறபடி செய்வேன்.